சொல்லாத சம்பந்தம்

அமெரிக்க நோயாளியின் சார்ட் நோய்களுக்குக் குறியீடு போடும் சென்னைக் கோடரின் திரையில் திறக்கிறது. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 38, நாலு மாதத்துக்கு முன்பும் 38தான். 30 முதல் 44 வரை நாள்பட்ட சிறுநீரக நோயின் 3பி நிலை என்பது பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கும் தெரியும். 2020 அக்டோபர் முதல் அதற்கென்றே என்18.32 என்று தனிக் குறியீடும் உண்டு. ஆனால் கோடர் ஊகிக்கக் கூடாது, டாக்டர் எழுதவேண்டும். அவரோ ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்றதோடு பேனாவை மூடிவிட்டார். எனவே என்18.9: நிலை குறிப்பிடப்படவில்லை.

அதே சார்ட்டில் ரத்தக்கொதிப்பும் இருக்கிறதா? டாக்டர் வாய் திறக்காவிட்டாலும் விதிப்புத்தகமே இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடும்: ஐ12.9.

ஆக, கண்ணெதிரே கிடக்கும் எண்ணை நம்பக் கூடாது. யாரும் சொல்லாத சம்பந்தத்தை நம்பலாம். விதியை எழுதியவர் முன்பு கல்யாணத் தரகராக இருந்திருப்பாரோ?