அரைக் கிலோ குறைக்க அரை லட்சம்

சைக்கிள் வாங்குவது ஒரு காலத்தில் அரை நாள் வேலை. கடைக்குப் போய் ஹெர்குலிஸா, பிஎஸ்ஏவா என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். கேரியர், டைனமோ, ஸ்டாண்டு, பூட்டு எல்லாம் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கேற்றுவதற்குள் வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும். இரண்டுமே டிஐ சைக்கிள்ஸ் என்ற ஒரே கம்பெனியின் தயாரிப்பு, எதை வாங்கினாலும் காசு ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது என்று தெரியாமல் எது உசத்தி என்று பள்ளிக்கூட வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

வேளச்சேரி ஆடிட்டர் ஒருவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வயது 46. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்த அன்று ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினார். சனி, ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போகும் ஒரு குழுவில் சேர்ந்தார். எல்லோரும் பொங்கல் வடையை முடித்துக் கை கழுவும்போது இவர் வந்து சேருவார். தன் கால் மேல் சந்தேகம் வருவதற்கு முன்னால் வண்டி மேல் சந்தேகம் வருவதுதானே மனித சுபாவம்? கோவளம் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள், "ரோடு பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று வாய்விட்டார். அன்றோடு அந்தக் கடை பெஞ்சில் அரசியலும் கிரிக்கெட்டும் நின்றுபோயின.

முதலில் எழுந்தவர் குழுவில் இருந்த பல் டாக்டர். விலை உயர்ந்த சைக்கிளுக்கு அமெரிக்காவில் 'பல் டாக்டர் வண்டி' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. நம்முடைய டாக்டர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். தன் கார்பன் வண்டியின் மேல்பாரில் ஆள்காட்டி விரலை மட்டும் கொடுத்துத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர்கூட நிமிர்ந்து பார்த்தார். "எடைதான் சார் எல்லாம். அலுமினியம் வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க" என்றார்.

எடைப் பைத்தியம் உலகம் முழுக்க உள்ளதுதான். போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2000ஆம் ஆண்டில் சட்டமே கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் கம்பெனிகள் எடையை இறக்கிக்கொண்டே போனதால், பந்தய மெக்கானிக்குகள் ஃபிரேமுக்குள் கனமான எதையாவது திணித்துச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. லட்சம் லட்சமாகக் கொட்டி எடையைக் குறைத்து, கடைசியில் இரும்புத்துண்டு போட்டு ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால் டாக்டர் பேசியது ஆடிட்டரிடம். ஆடிட்டர் அன்றிரவே லேப்டாப்பைத் திறந்து எக்செல்லில் கணக்குப் போட்டார். ஒரே ரகக் கியர் பூட்டிய அலுமினிய வண்டிக்கும் கார்பன் வண்டிக்கும் விலை வித்தியாசம் அரை லட்சம். எடை வித்தியாசம் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டார். அதாவது கிராமுக்கு நூறு ரூபாய் கொடுத்து இல்லாத ஒரு பொருளை வாங்குகிறோம். இவர் 82 கிலோ, வண்டி 9 கிலோ, தண்ணீர் இத்யாதி 2 கிலோ. மொத்தம் 93இல் அரைக் கிலோ போனால், ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏற வேண்டிய மலையில் மிச்சமாவது இருபது விநாடிக்கும் கீழே. ஈசிஆரில் மலை ஏது? சமவெளியில் அந்த இருபது விநாடியும் கிடைக்காது. 750 மில்லி பாட்டிலில் தண்ணீரை ரொப்பிக்கொண்டால் முக்கால் கிலோ உடனே ஏறிவிடும். அந்த பாட்டிலை மாட்டக் கார்பனில் செய்த, இருபது முப்பது கிராம் எடையுள்ள கூண்டு விற்கிறார்கள் என்பதைப் படித்ததும் ஆடிட்டர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் ஐடி மேனேஜரின் முறை. "எடையை விடுங்க ஜி, ஏரோதான் விஷயம்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். அதற்கு அவர் காட்டிய சாட்சி 1989 டூர் டி பிரான்ஸ். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், கைகளை முன்னால் நீட்டிக்கொள்ளும் ஹேண்டில்பாரும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டுமாகக் குனிந்து ஓட்டினார். பிரெஞ்சு வீரர் லோரன்ட் ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாமல் குடுமி பறக்க வந்தார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தை லெமாண்ட் எட்டே விநாடியில் ஜெயித்தார். அந்தக் குடுமியை வெட்டியிருந்தால் ஃபின்யோன் தப்பியிருப்பாரா என்று சைக்கிள்காரர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆடிட்டரின் தலையில் காற்றைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. தடுப்பதெல்லாம் கீழே இருக்கிறது. காற்று முக்கியமாக மோதுவது ஓட்டுகிறவரின் உடம்பில்தான். ஃபிரேமின் பங்கு கொஞ்சம். இதையும் மேனேஜரே சொன்னார், சொல்லும்போது ஆடிட்டரின் தொப்பையைப் பார்க்காமலிருக்க நிஜமாகவே பாடுபட்டார். மார்கழியில் வாடைக்காற்று வடக்கேயிருந்து வீசும்போது, மாமல்லபுரத்திலிருந்து திரும்புகிற வழி முழுக்க அது முகத்தில்தான் அறையும். அப்போது மேனேஜரின் ஏரோ வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பைசா செலவில்லாத ஏரோ.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஸ்டீல் கட்சி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களில் கலந்துகொள்கிறவர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், அவருடைய கனவு. "கார்பன் விரிசல் விட்டா நடு ராத்திரி யார் சார் ஒட்டுவா? ஸ்டீல்னா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிடலாம்." பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும் தான் வைத்திருக்கும் வண்டியையோ, பணம் இல்லாமல் விட்ட வண்டியையோதான் சிபாரிசு செய்தார்கள். ஆடிட்டருக்கு எது பொருந்தும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

கியர் விஷயத்தில்தான் உண்மையான சண்டை. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி ரோடு பைக் பாகங்களைக் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று அடுக்கி வைத்துப் பழக்கிவிட்டது. கலெக்டர் ஆபீசில் கிளார்க் முதல் கலெக்டர் வரை இருக்கிற மாதிரிதான். புதியவர் குழுவுக்குள் வந்ததும் எல்லார் கண்ணும் பின்சக்கரப் பக்கம் போய்ப் பதவியைப் படித்துவிட்டுத்தான் முகத்துக்கு வரும். 105க்குக் கீழே என்றால் "நல்ல வண்டி சார்" என்பார்கள், துக்கம் விசாரிக்கும் குரலில்.

கியர் என்பதே ஒரு காலத்தில் இழுக்காக இருந்தது. டூர் டி பிரான்சைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்ச், செயினைத் தாவவைக்கும் கியரைப் பல ஆண்டுகள் பந்தயத்துக்குள்ளேயே விடவில்லை. மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1937இல்தான் அனுமதி கிடைத்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் கியரெல்லாம் என்பது டெக்ராஞ்சின் வாதம் என்று சொல்வார்கள். 46 வயது ஆடிட்டருக்கு இதைக் கேட்டதும் மனிதர் மேல் தனி மரியாதை வந்தது.

பல் எண்ணுவதில் டாக்டரை மிஞ்ச ஆளில்லை. முன்னால் 52, 36 பல் உள்ள பெரிய சக்கரங்களைப் போடு என்றார். முன்னால் 50, 34, பின்னால் 11 முதல் 34 வரை போதும் என்றார் வங்கி அதிகாரி. ஆடிட்டர் மறுபடியும் எக்செல். 50க்கு 11 போட்டால் ஒரு மிதிக்கு வண்டி ஒன்பதரை மீட்டர் பாயும். நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டர். இதையே இந்தப் பிறவியில் தொடப்போவதில்லை, 52 எதற்கு? 34க்கு 34 என்றால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று, இரண்டு மீட்டர் சொச்சம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித் தள்ளாமல் ஏற ஆசை இருந்தால் அதுதான் கைகொடுக்கும். வங்கி அதிகாரி ஜெயித்தார்.

பட்டனைத் தொட்டால் மோட்டார் கியர் மாற்றும் எலக்ட்ரானிக் ரகமும் இருக்கிறது. அதற்கு பாட்டரியைச் சார்ஜ் போட வேண்டும் என்று தெரிந்ததும் வீட்டம்மா தலையிட்டார். "ஏங்க, கால்ல மிதிக்கிற சைக்கிளுக்கும் சார்ஜரா?" அத்தோடு அந்தப் பத்தி எக்செல்லிலிருந்து நீங்கியது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததை ஆடிட்டர் எடுத்துச் சொன்னார். ஏழு சதவீதம் மிச்சமாகிறது என்று சொல்லி எத்தனை ஆயிரம் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறீர்கள் என்று அம்மையார் கேட்டார். வெலோமினாட்டி என்ற சைக்கிள் வெறியர் கூட்டத்தின் புகழ்பெற்ற விதிப்படி, ஒருவருக்குத் தேவையான சைக்கிள்களின் எண்ணிக்கை இப்போது இருப்பதற்கு மேல் ஒன்று. விவாகரத்து நேரும் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக நிறுத்திக்கொள்வது என்ற துணைவிதியும் அதிலேயே உண்டு. ஆடிட்டர் துணைவிதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உருப்படியான காரியம் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தொடைகளுக்கு நடுவே தடிப்புத்தகம் ஒன்றைச் செங்குத்தாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறித்துத் தரைவரை அளக்க வேண்டும். வீட்டில் இருந்த தடிப்புத்தகம் வருமான வரிச் சட்டம். இருபது வருஷமாகக் கட்சிக்காரர்களை இறுக்கிய புத்தகம் அன்று ஆடிட்டரை இறுக்கியது. மகள் பென்சிலால் கோடு போட்டாள்: 78 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை இருக்க வேண்டிய உயரம். அதே லெமாண்ட் பரப்பிய சூத்திரம்தான். 68.9 சென்டிமீட்டர் வந்தது. இத்தனை நாளும் ஹைபிரிட்டின் சீட்டை நாலு விரற்கடை தாழ்த்தி வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி மிதித்திருக்கிறார். சீட்டை ஏற்றிக்கொண்டு போன அடுத்த சனிக்கிழமை, மற்றவர்கள் வடை சாப்பிடும்போதே போய்ச் சேர்ந்தார். புது வண்டி வாங்கும் ஆசை அதனால் குறைந்ததா என்றால், இல்லை.

உடுப்பு தனி அத்தியாயம். மெத்தை வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகும் என்ற ரகசியத்தை மேனேஜர் காதோடு சொன்னார். அந்த ஷார்ட்ஸ் பால்கனிக் கொடியில் காய்வதைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, வீட்டில் பெரியவர் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூவும் வந்தது. பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகள் செய்த பிரெஞ்சுக் கம்பெனி லுக் 1984இல் கொண்டுவந்த ஏற்பாடு. மறுவருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார்டு இனோ அதைப் போட்டு டூர் டி பிரான்சை ஜெயித்தார். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடுபடும். திருவான்மியூர் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது ஆடிட்டருக்குக் குதிகால் நினைவுக்கு வரவில்லை. வண்டி நின்றது, இவர் நிற்கவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "காலு மாட்டிக்கிச்சா சார்?" என்று ஷூவோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்.

கடைசியில் வாங்கியது அலுமினிய ஃபிரேம், கையால் மாற்றும் 105, 28 மில்லிமீட்டர் டயர். 23 மில்லிமீட்டர் ஒல்லி டயரில் கல்லாகக் காற்றடித்தால்தான் வேகம் என்று நம்பிய காலம் போய்விட்டது. இன்று பந்தயக்காரர்களே 28க்கும் மேலே போகிறார்கள். முரட்டுத் தார்ச்சாலையில் அகல டயர், கொஞ்சம் குறைந்த காற்றில், குலுங்காமல் உருள்கிறது. ஓட்டுகிறவரின் இடுப்பும் தப்பிக்கிறது.

அதை வாங்குவதற்கு முன் நுழைந்த முதல் கடையில் 56 சைஸ் ஃபிரேம் மட்டும்தான் கையிருப்பில் இருந்தது. இவருக்கு வேண்டியது 52. "ஹேண்டில்பார் ஸ்டெம்மை மாத்திக்கலாம் சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார் விற்பனையாளர். ஆடிட்டர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். வாங்கப் போகிறவர்கள் பணத்தை இந்த வரிசையில் ஒதுக்குங்கள்: சரியான சைஸ், நல்ல ஷார்ட்ஸ், நல்ல டயர், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட். கார்பனும் எலக்ட்ரானிக்கும் மிச்சம் இருந்தால் மட்டும். கையில் ஒரு அளவு நாடாவோடு போங்கள். பழகிடும் என்று சொல்கிற கடைக்காரரிடம் அடுத்த கடை எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.