ரிமோட் காரில் நீர் புகுதலும் நீங்குதலும்: திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், வருஷத்தில் பாதிக்கு மேல் கண்மாய் என்பது கிரிக்கெட் மைதானத்துக்கு இன்னொரு பெயர். அங்கே ஓடும் ரிமோட் காரின் எலெக்ட்ரானிக்ஸைத் தண்ணீரிலிருந்து காப்பது பற்றி ஆய்வு எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். யாருமே கேள்வி கேட்காத பொருளில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீரில்லா நாட்டில் நீர்காப்பு எதற்கு எனின், நீர் இல்லாமையாலேயே என்க. தஞ்சாவூர்ப் பையன் தண்ணீரைக் கண்டால் காரைத் திருப்பிவிடுவான். அவனுக்கு அது தினமும் பார்க்கிற சமாச்சாரம். நம்மூர்ப் பையனோ சித்திரையிலிருந்து புழுதியிலேயே ஓட்டிச் சலித்தவன். ஐப்பசி மழைக்குக் கண்மாய்ப் பள்ளத்தில் கணுக்கால் அளவு தேங்கியதும் நேராக அதற்குள்தான் விடுவான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றின் உபயம். ஆக, ஒரு காரின் நீர்வாழ்வு முழுவதும் சில வாரங்களில் நடந்து முடிகிறது. சாவும் அதில் அடக்கம்.

வரலாற்றுக்கு வருவோம். ரேடியோவால் இயக்கப்பட்ட ஆதி வாகனமே தண்ணீரில்தான் ஓடியது. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சிறு படகை விட்டு, கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அதாவது ரிமோட் வாகனமும் அதற்குள் தண்ணீர் போய்விடுமோ என்ற பயமும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. பிறகு 1979இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்ற மணல்வெளிக் காரை விற்பனைக்கு விட்டது. அதில் சிக்னலை வாங்கும் ரிசீவர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, இறுக்கி மூடியிருந்தார்கள். திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30; சரியாக நூறு ஆண்டு இடைவெளி. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. இந்த அளவுகூடத் தற்செயலுக்கு இடம் தராவிட்டால் அது என்ன ஆய்வுக் கட்டுரை?

டாமியாவின் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பியதே அடைப்புவாதம். எல்லாச் சந்தையும் அடை. ரப்பர் வளையம் போடு. கம்பி நுழையும் வாயில் கிரீஸ் பூசு. கையில் காசில்லையா, ரிசீவருக்கு ஒரு பலூனை மாட்டி வாயைக் கட்டு. அடைப்புவாதிகள் தங்கள் கட்சிக்கு ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேச விதியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். பெட்டியில் ‘ஐபி 67’ என்று அச்சிட்டிருந்தால், 6 என்பது தூசி அறவே புகாது என்பதற்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுக்கிற அளவுக்குத் தண்ணீர் புகாது என்பதற்கு. ஒரு மீட்டர் ஆழம் என்றால் நம் கண்மாய்க்கு நல்ல வருஷம். பிறகென்ன கவலை என்கிறார்கள்.

கவலை அந்த விதியின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. சோதனை செய்யும்போது பொருளின் சூட்டுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சோதனைச்சாலைக் கார் கரிசலில் ஓடிவிட்டு வந்ததல்ல. நம் கார் அரைமணி நேரம் புழுதியில் பறந்திருக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஈ.எஸ்.சி. சுட்டதில் பெட்டிக்குள் காற்று 60 டிகிரிக்குப் போயிருக்கும். அப்படியே 27 டிகிரித் தண்ணீரில் இறங்குகிறது. தனி வெப்பநிலைக் கணக்கில் 333இலிருந்து 300. இறுக்கி மூடிய பெட்டியில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு விழும். அது சுமார் ஒரு மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். கார் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறது. அதன் பெட்டியோ ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதைப் போல, இருக்கிற சின்னச் சந்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக அடைத்தோமோ அவ்வளவுக்கவ்வளவு உறிஞ்சலும் பலம். அப்படி உள்ளே போன இரண்டு சொட்டு, வெளியே வர வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

இதை ஆய்வுலகம் அறியுமோ இல்லையோ, அருப்புக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிற ஒருவர் அறிவார். கடைக்கு வந்த பையன் காரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“அண்ணே, வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்கேண்ணே.”

“தண்ணி உள்ள போகாதுன்னு போட்டிருக்கான். போனா வெளிய வரும்னு எங்கயாச்சும் போட்டிருக்கானாடா?”

பெட்டியைத் திறந்தால் உள்ளே பாசி பிடித்தது மாதிரி பச்சை. அது பாசி இல்லை, செம்புக் களிம்பு. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சுலபத்தில் பாயாது; அதில் கரைந்த உப்புதான் பாலம் போடுகிறது. இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை; பல ஊர்க் கிணற்று நீரே உப்புக் கரிக்கும். 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி இணைப்பிலேயே இருந்தால், மின்சுற்றுப் பலகையின் நேர்முனைச் செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கிக் கிளம்பிவிடும். எனவே முதல் சிகிச்சை பேட்டரியைப் பிடுங்குவது. இரண்டாவது, நனைந்த பலகையை இன்னும் நன்றாக நனைப்பது! உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்கும் தெருவில், செத்த காருக்கு ஒரு செம்பு கேட்டால் அம்மாக்கள் சொல்லும் பதிலை இங்கே பதிவு செய்ய இயலாது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியத்தை மட்டும் விட்டுவிடலாம். ஐபோனை அரிசியில் போடாதீர்கள், பொடித்துகள் உள்ளே போய்விடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது. பொன்னியில் போட்டாலும் அதேதான்.

அடைப்புவாதம் வீழ்ந்தது. இனிச் சித்தாந்தம். அதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. குண்டாற்றங்கரைக்குப் போனால் போதும். சுந்தரர் பாடிய திருச்சுழி பூமிநாதர் கோயிலின் தலபுராணப்படி, ஊரைப் பிரளய வெள்ளம் சூழ்ந்தபோது சிவன் சுற்றுச்சுவர் எழுப்பவில்லை. சூலத்தால் தரையில் ஒரு துளை போட்டார். வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிப் போனது. நீர்காப்பில் வடிகால் துளையைப் பரிந்துரைத்தவர்களில் இவருக்கு முந்தியவர் உண்டெனில் காட்டுக. பிற்காலத்தில் கண்மாய் வெட்டியவர்களும் இந்தக் கட்சிதான். கரையை எவ்வளவு உயர்த்தினாலும் ஓர் ஓரத்தில் கலுங்கு கட்டி, மிஞ்சிய நீரை அடுத்த கண்மாய்க்கு அனுப்பினார்கள். கலுங்கில்லாக் கண்மாய் ஒரு நல்ல மழையில் கரையோடு போகும் என்பது இங்கே மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும்.

ஆகவே திருச்சுழி முறை யாதெனின், பெட்டியை அடைக்காதே, பலகையைப் போர்த்து. பெட்டியின் அடியில் துளை போடு. போர்த்துவதற்குக் கன்ஃபார்மல் கோட்டிங் என்று கடையில் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் அக்காவின் நெயில் பாலிஷ். நிறமில்லாதது உத்தமம், மினுமினுப்பு கலந்தது வேண்டாம், சிலவற்றின் மினுமினுப்பில் உலோகத்தூள் இருக்கும். இரண்டு பூச்சு, நடுவே நன்றாகக் காய விட வேண்டும். கனெக்டர் பின்களில் படக் கூடாது, பட்டால் மின்சாரமே பாயாது. ஈ.எஸ்.சி.யின் சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டையும் தொடக் கூடாது. குளியலறை ஓட்டைக்கு வாங்கிய சிலிகானைக் கொண்டுவந்து அப்புகிறவர்கள் முதலில் அதை மோந்து பார்க்கவும். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் கக்குகிற வகை. செம்பைத் தண்ணீருக்கு முன்னால் அதுவே தின்றுவிடும். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை, அது தண்ணீருக்குள்ளும் சுற்றும். துருப்பிடிக்கும் பேரிங்குக்கு மட்டும் ஓட்டி முடித்ததும் ஒரு சொட்டு எண்ணெய்.

இதற்கும் ஆட்சேபங்கள் உண்டு. துளை வழியே தூசி வருமே? வரும். பழைய கொசுவலைத் துண்டை ஒட்டினால் பெருந்தூசி நிற்கும். மிச்சம் கரிசல் பூமியில் பிறந்ததற்குக் கட்டுகிற வரி. சேறு துளையை அடைக்காதா? மழை கண்ட கரிசல் உப்பி, பசையாகி, சக்கரத்தோடு சக்கரமாகச் சுற்றி எதையும் அடைக்கும். ஓட்டி வந்ததும் ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டியதுதான்.

கடினமான ஆட்சேபம் ஒன்று மிச்சம். கார் வரப்பில் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தால் அடித்துளை மேல்துளை ஆகிவிடுமே? ஆகும். எனவே மூடியிலும் ஒரு துளை வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால்? பக்கத்துக்கு ஒன்று. இப்படி ஆறு பக்கமும் துளையிட்ட பின், பலகைதான் நெயில் பாலிஷில் பத்திரமாக இருக்கிறதே, பெட்டி எதற்கு எனின், சீமைக்கருவேல முள்ளுக்கு என்க.