எழுகைவழிப் படுக்கை: மோட்டார்ப் பயண மூத்தோரின் துயிலிடம் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மேருவிலிருந்து காப்பாருக்கு வந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தால், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று பேராக் எல்லை வரை நிறுத்தாமல் போய்விடலாம். வார இறுதிகளில் அந்தச் சாலையின் இடது ஓரத்தில், பின்னிருக்கையில் ரப்பர் கயிற்றால் கூடாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லோரிகளுக்கெல்லாம் வழிவிட்டபடி செல்லும் ஓர் இனத்தைக் காணலாம். அவ்வினத்தார் இரவில் எதன்மீது படுப்பது நலம் என்பதே இவ்வாய்வின் பொருள்.

சொற்களுக்கு எல்லை வகுப்பது ஆய்வு மரபு. இங்கு 'மூத்தோர்' எனப்படுவோர், ஊழியர் சேமநிதியின் 55 வயதுப் பணத்தை எடுத்தவர், 60இல் பணி ஓய்வு பெறுபவர் அல்லது பெற்றவர், எந்தப் பணத்தில் கூடாரம் வாங்கினோம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லாதவர். 'மோட்டார்' எனப்படுவது கப்சாய்; ஹோண்டா இஎக்ஸ்5, மோடனாஸ் கிரிஸ் போன்றவை இதில் அடங்கும். பெரிய மோட்டார் வைத்திருப்போர் விலக்கப்பட்டனர். அவர்கள் ஓட்டலில் தங்கிவிடுகிறார்கள். 'துயில்' எனப்படுவது இரவு பத்து மணிக்கும் மறுநாள் பசியாறலுக்கும் இடையே நிகழ்வதாக நம்பப்படும் ஒன்று.

ஒட்டுக்கடை மேசைகளில் இது குறித்து நடந்துவரும் விவாதங்கள் அனைத்தும் படுப்பதைப் பற்றியவை: எது மெத்தென்றிருக்கும், எது இடுப்பைக் கடிக்காது, எது எத்தனை வெள்ளி. இவ்வாய்வு நிறுவப் புகுவது வேறொன்று. அறுபதை நெருங்கிய உடம்புக்கு ஒரு படுக்கையின் தரத்தை, விடியற்காலை மூன்று மணிக்கு அதிலிருந்து எழும்போதுதான் அளக்க முடியும். இதனை 'எழுகைக் கோட்பாடு' என்க.

2. முன்னோர் கூறியவை

தமிழ் மரபு மெத்தையை ஐந்தாக வகுத்தது: அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர். திருப்பாவைக்கு உரை கண்டோர் பஞ்ச சயனத்தை இவ்வாறு விரிப்பதுண்டு. இவ்வைந்தில் ஒன்றுகூட மோட்டார்ப் பெட்டிக்குள் அடங்காது என்பதும், கண்ணன் எந்த மோட்டாரிலும் போகவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

பயணப் படுக்கை பற்றி 14ஆம் நூற்றாண்டிலேயே சான்று உண்டு. இந்தியா வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, அங்குள்ள கட்டில்கள் ஓர் ஆளே தூக்கிச் செல்லும் அளவுக்கு இலேசானவை என்றும், பயணம் போகிறவர் தம் கட்டிலைத் தம்முடனேயே கொண்டுபோகிறார் என்றும் எழுதிவைத்தார். இன்று நாம் பல நூறு வெள்ளி கொடுத்துத் தேடுவது அதைத்தான். நடுவில் அதை எங்கே தொலைத்தோம் என்பது தனி ஆய்வுக்குரியது.

இன்னும் பின்னே போனால் எகிப்து. 1922இல் ஹாவர்டு கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமுன் கல்லறையில், வெண்கலக் கீல் வைத்து மூன்றாக மடிக்கும் மரக்கட்டில் ஒன்று இருந்தது. பத்தொன்பது வயதளவில் இறந்த மன்னருக்கு மூத்தோர் ஆய்வில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அதே கல்லறையில் நூற்றுக்கு மேற்பட்ட கைத்தடிகளும் கிடைத்தன என்பது அவர்க்கு விடை. மடக்குக் கட்டிலும் கைத்தடியும் சேர்ந்து வைத்திருந்த ஒருவரை வயது பார்த்து விலக்குவது நியாயமாகாது.

3. அளவுகோல்

மூன்று மணிக்கு ஏன் எழ வேண்டும்? வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைந்து, சிறு உறுத்தலுக்கும் விழிப்பு வருகிறது என்பது ஒன்று. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு மோட்டார் ஓட்டியவரின் கால்களில் தேங்கிய நீர், அவர் படுத்த பிறகு இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்தை எழுப்பிவிடுகிறது என்பது மற்றொன்று. வெயிலுக்கு இதமாக மாலையில் குடித்த இரண்டு டின் 100 பிளஸ் இதற்குத் துணைக் காரணம்.

தரையிலிருந்து எழுவதை அறிவியலும் அளந்திருக்கிறது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் குழுவினரும் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. ஒரு கை ஊன்றினால் ஒன்று போகும், முழங்கால் ஊன்றினால் இன்னொன்று, தள்ளாடினால் அரை. மதிப்பெண் குறைந்தவர்கள் பின்வந்த ஆண்டுகளில் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

இந்த அளவுகோலைச் செகிஞ்சான் கடற்கரையில் ஒரு கூடாரத்துக்குப் பொருத்துவோம். உள்ளே இருப்பவர் முதலில் ஒருக்களிக்கிறார். பிறகு குப்புறக் கவிழ்கிறார். இரண்டு கைகளும் இரண்டு முழங்கால்களும் ஊன்றப்படுகின்றன. நான்கு மதிப்பெண் போயிற்று. இருட்டில் ஜிப்பைத் தேடித் தலையணை உறையின் ஜிப்பைத் திறக்கிறார். சரியான ஜிப் கிடைத்ததும் தலை வெளியே வருகிறது; இடுப்பு வர மறுக்கிறது. கை நீண்டு கூடாரக் கம்பியைப் பற்ற, கூடாரம் முழுவதும் அவர் பக்கம் வணங்குகிறது. கம்பிக்கு எத்தனை மதிப்பெண் கழிப்பது என்று அராவுஜோ வரையறுக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு குரல்:

"அங்கிள், என்னா சத்தம்? ஏதாச்சும் விழுந்திருச்சா?"

"ஒன்னும் இல்ல தம்பி. எழுந்திரிக்கிறேன்."

இவ்வுரையாடலே நம் முதன்மைச் சான்று.

4. வகையும் தொகையும்

மோட்டார் மூத்தோர்க்குக் கிடைக்கும் படுக்கைகள் ஐந்து.

முதலாவது பாய். தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த தலைமுறை இதற்கு ஆதரவாகப் பேசும். "சிமெண்டுத் தரையில படுத்து வளர்ந்த உடம்புலா இது" என்பது அவர்களின் வாதம். பத்துமலையில் தைப்பூச இரவுகளில் பாய் விரித்துப் படுத்ததையும் துணைக்கு இழுப்பார்கள். வாதம் உண்மையே, உடம்புதான் அதே உடம்பு இல்லை. எடை, விலை, மடிப்பு மூன்றிலும் பாயை விஞ்ச எதுவும் இல்லை. எழுகையில் அதற்குச் சுழியம்.

இரண்டாவது காற்று மெத்தை. பஞ்ச சயனத்துக்கு ஆறாவதாகச் சேர்க்கத்தக்கது. தானே காற்றிழுக்கும் மெத்தை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தது. போயிங் நிறுவனத்தில் வேலையிழந்த பொறியாளர்கள் அதை உருவாக்கினர். அவர்களில் ஒருவர் தோட்டவேலையின்போது முழங்காலுக்கடியில் போட்டிருந்த நுரைமெத்தை காற்றை உள்ளிழுப்பதைக் கண்டதே தொடக்கம் என்பர். முழங்காலுக்காகப் பிறந்த பொருள் முழங்காலையே கைவிட்டது வரலாற்றின் முரண். ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஏழு முதல் பத்து செ.மீ. தடிப்பு இருந்தால் இடுப்பெலும்பு தரையைத் தொடாது, படுக்கச் சுகம். ஆனால் பத்து செ.மீ. உயரத்திலிருந்து எழுவதும் தரையிலிருந்து எழுவதும் ஒன்றே. கை ஊன்றினால் மெத்தை வேறு உள்ளே போகும். இன்னொரு குறிப்பு: பிற்பகல் 33 பாகை வெயிலில் ஊதிய காற்று, இரவு 24 பாகைக்கு இறங்கும்போது நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கும். மெத்தை தளர்ந்ததற்கு உடனே கடைக்காரரைத் திட்டுவது முறையன்று. ஒரு மூச்சு ஊதிவிட்டுக் காலைவரை பொறுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தொங்கு படுக்கை. நம் நாட்டில் இது புதிதன்று. கூரை உத்தரத்தில் இரும்பு ஸ்பிரிங்கை மாட்டி, அதில் சாரோங்கைக் கட்டி, அதற்குள் ஆடி வளர்ந்தவர்களே இன்றைய மூத்தோர். அறுபதாண்டு இடைவெளிக்குப் பின் அதே தூளிக்குத் திரும்புகிறார்கள். இம்முறை ஆட்டிவிட ஆள் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இதன் கணிதம் கவனிக்கத்தக்கது. கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் இருந்தால், 80 கிலோ எடையுள்ளவரால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுவை விழும். கட்டில் மாதிரி நேராக இருக்கட்டும் என்று கயிற்றை இழுத்துக் கட்டிச் சாய்வைப் பத்துப் பாகை ஆக்கினால், அதே ஆளுக்கு இழுவை ஏறக்குறைய 230 கிலோ. முதுகு நேராக வேண்டுமென்றால் கயிற்றைத் தளர்த்திக் கட்டித் துணியில் குறுக்காகப் படுக்க வேண்டும். நீளவாக்கில் படுப்பவர் வாழைப்பழமாக வளைவார்.

எழுகையில் தொங்கு படுக்கைக்கு நல்ல மதிப்பெண் உண்டு. உட்கார்ந்தபின் துணி நாற்காலி உயரத்துக்கு வருமாறு கட்டினால், காலைக் கீழே போட்டதும் பாதி எழுந்தாயிற்று. குறைகள் இரண்டு. கீழ்ப்பக்கத் துணி மெல்லியதாக இருந்தால் கொசு துணியோடு சேர்த்துக் கடிக்கும். டெங்கியில் நாட்டிலேயே முன்னிற்கும் சிலாங்கூரில் இது சிறு குறையன்று. அடுத்தது மரம். செகிஞ்சானில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பால்மரத் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. பத்து இருபது கிலோ குலையும் முள் மட்டையும் தலைக்கு மேல் தொங்கும் மரத்தடியில் எவரும் படுக்கலாகாது. விடியற்காலையில் பால்மரத்தை வெட்டிய கைகளுக்கு, இன்று கயிறு கட்ட ஒரு பால்மரம் கிடைக்கவில்லை.

நான்காவது மடக்குக் கட்டில். இதில் இருவகை. இராணுவ பாணிக் கட்டில் ஏறக்குறைய நாற்காலி உயரம்; மடித்தால் ஒரு மீட்டர் நீளம். கப்சாயில் குறுக்கே கட்டினால் பக்கத்தில் வருகிறவரை அடிக்கும். அலுமினியக் கம்பியை வளைத்துக் கோக்கும் புதுவகைக் கட்டில் இரண்டு கிலோ சொச்சம், பைக்குள் அடங்கும், உயரமோ பதினைந்து செ.மீ. அளவுதான். கட்டிலை உயர்த்தும் துணைக்கால்கள் தனியே விற்கப்படுகின்றன. முதியோரின் கால் வலிமையைச் சோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் நாற்காலியின் உயரம் ஏறக்குறைய 43 செ.மீ. படுக்கையின் உயரம் இதை எவ்வளவுக்கு நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு அண்டைக் கூடாரத்தாரின் உறக்கம் கெடாது.

ஐந்தாவது கெருசி மாலாஸ். இரும்புச் சட்டத்தில் நெகிழிக் கயிறு பின்னிய இந்தச் சாய்வு நாற்காலியில்தான் நம் மூத்தோர் மிக ஆழ்ந்து உறங்குகிறார்கள் என்பதை எட்டு மணிச் செய்தி ஓடும் எந்த வீட்டிலும் காணலாம். கைப்பிடி இருப்பதால் எழுவதும் எளிது. முதுகில் பதியும் கோடுகளைப் பொருட்படுத்தாவிட்டால் இதுவே தலையாய படுக்கை. மோட்டாரில் ஏறாது என்ற ஒரே காரணத்தால் விலக்கப்படுகிறது.

5. நிலமும் பொழுதும்

கிள்ளான் சமவெளியிலும் மோரிப், ஜெராம் கடலோரத்திலும் இரவிலும் புழுக்கமே. அங்கே முதுகுக்குக் கீழே காற்றோட வேண்டும். கட்டிலும் தொங்கு படுக்கையும் சிறக்கும். கேமரன் மலையில் அதே காற்று எதிரியாகிறது. 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவில் வெறுங்கட்டிலில் படுத்தவர், மேலே மூன்று போர்வை இருந்தும் கீழிருந்து குளிர்வதை உணர்வார். கட்டில்மேல் ஒரு நுரைப்பாய் விரித்தால் சரியாகும்.

விளையாட்டுக்கு இடமில்லாத ஒன்று ஆற்றங்கரை. உலு லங்காட்டின் சுங்கை சொங்காக் போன்ற ஆற்றோரங்களில், மேலே மலையில் பெய்த மழை கீழே வானம் வெளுத்திருக்கும்போதே கெப்பாலா ஆயராகத் திரண்டு வரும். அதற்கும் நமக்கும் இடையே இருப்பது சில நிமிடங்கள். கூடாரத்திலிருந்து வெளிவரவே சில நிமிடங்கள் பிடிக்கும் ஒருவர் நீரோரத்தில் படுக்கவே கூடாது. எழுகைக் கோட்பாடு இங்கே வசதியைக் கடந்து உயிர்க்காப்பாகிறது.

6. மறுப்பும் விடையும்

இத்தனை பாடுக்கு ஒரு மலிவு ஓட்டலில் அறை எடுக்கலாமே என்பது முதல் மறுப்பு. எடுக்கலாம். ஆனால் அறை எடுத்தவருக்குத் திரும்பி வந்து ஒட்டுக்கடையில் சொல்ல ஒன்றும் இருக்காது. பயணத்தின் பாதிப் பயன் அதில் போய்விடும்.

படுக்கையைத் திருத்துவதற்குப் பதில் காலைத் திருத்தலாமே என்பது இரண்டாவது மறுப்பு. இது மறுக்க முடியாத மறுப்பு. கைகளை மார்பில் குறுக்கே வைத்து, நாற்காலியிலிருந்து முப்பது விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 60 முதல் 64 வயதுள்ள ஆணுக்குப் பதினான்குக்கும், பெண்ணுக்குப் பன்னிரண்டுக்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழ் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் கொள்கிறது. தினமும் பழகினால் எண்ணிக்கை ஏறும். செலவும் இல்லை; மோட்டாரில் கட்டவும் வேண்டாம்.

7. துணிபு

இரண்டு மரமும் கொசுவலையும் உறுதியாகக் கிடைக்குமிடத்தில் தொங்கு படுக்கை. மற்ற எல்லா இடத்திலும் துணைக்கால் பூட்டிய மடக்குக் கட்டில். மலையேறினால் அதன்மேல் நுரைப்பாய். காற்று மெத்தை இளையோர்க்கு. பாய் பேரப்பிள்ளைகளுக்கு.

வாங்கப் போகும் அண்ணன்மார்க்கு ஒரு வார்த்தை. கடையில் விரித்துக் காட்டச் சொல்லிப் படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். படுத்ததும் "நல்லா இருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். கடைப்பையன் கை கொடுக்க வருவான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக எழுந்து பாருங்கள். எழ முடிந்தால் வாங்குங்கள்.