கொண்டை ஊசி வளைவுகளில் 404: சேர்வராயன் மலையின் எண்ணியல் குறித்து ஓர் ஆய்வு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அதைச் சத்தமாக எண்ணாமல் எந்தக் குழந்தையும் மலையேறியதில்லை. அதே பேருந்தில் கூடவே ஏறும் இன்னொரு எண் வரிசையைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

அந்த வரிசை சிம் கார்டுக்குள் குடியிருக்கிறது. வழக்கமாக 15 இலக்கம். முதல் மூன்று நாட்டைச் சொல்லும். அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தைச் சொல்லும். நம் நாட்டில் எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்பதையும் சேர்த்தே சொல்லும். மிச்சம்தான் நாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐரோப்பாவுக்கு 2, வட அமெரிக்காவுக்கு 3, ஆசியாவின் பெரும்பகுதிக்கு 4 என முதல் இலக்கத்தைப் பங்கு போட்டது. இலங்கைக்கு 413; இந்தியாவுக்கு 404, 405, 406. இணையத்தில் 404 என்றால் ‘பக்கம் காணோம்’ என்று அர்த்தம், மலையில் சிக்னல் காணாமல் போவது அதனால்தான் என்றொரு கோட்பாடு கல்லூரிச் சுற்றுலா வேன்களில் உலவுகிறது. 405-இல் தொடங்கும் சிம்களும் அதே வளைவில் படுத்துவிடுவதால் இதை நிராகரிக்கிறோம்.

இனித் தொல்லியல். தமிழ்நாட்டில் 404-43 என்ற எண் பி.பி.எல். காலத்தது. பிறகு ஹட்ச் வந்தது, 2007-இல் வோடஃபோன் வந்தது, 2020-இல் வி.ஐ. ஆனது. பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்தவர் பிழைத்தார், எண் அசையவில்லை. பக்கத்து வீடான 404-42 ஏர்செல்லுடையது. 2018-இல் அந்த வீட்டுக்குப் பூட்டு. பி.எஸ்.என்.எல்.லுக்குச் சென்னையில் 64, மற்ற தமிழ்நாட்டுக்கு 80. ஆக, சேர்வராயன் மலை 80-இன் ஆட்சிக்குட்பட்டது. 2016-இல் வந்த ஜியோவுக்கு இரண்டு இலக்கம் போதவில்லை, 405-869.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. அதிலிருந்து வெளியே தெரியும் பத்து இலக்கத்தை வைத்து யாருடைய குலத்தையும் கண்டுபிடிக்க முடியாது. சிம் மாறும்போது உள்ளெண் மாறிவிடுகிறது. கோபுரம் பார்ப்பது அதைத்தான்.

களத்துக்கு வருவோம். பேருந்தின் ஜன்னலோரத்தில் ஓர் இளைஞன் ஃபோனைக் கம்பிக்கு வெளியே நீட்டியிருக்கிறான். அவனுடைய நிறுவனத்தின் கோபுரம் மலைத்தோளுக்குப் பின்னால். எதிரில் தெரிவது வேறொரு நிறுவனத்துடையது. அது தன் எண்ணை ஓயாமல் காற்றில் ஒலிபரப்ப, ஃபோன் கேட்கிறது, ஒப்பிடுகிறது, ‘நம்மாள் இல்லை’ என்று முடிவு கட்டுகிறது. திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’. அடுத்த திருப்பத்தில் ஒரு கோடு சிக்னல். அம்மா.

“எங்கடா வர்ற?”

“பதினோராவது வளைவும்மா.”

இங்கே கவனிக்க வேண்டியது: 404 என்றோ 405 என்றோ அவன் சொல்லவில்லை. முகவரி என்ற வகையில் நெடுஞ்சாலைத் துறையின் எண்ணே வென்றது.

ஆனால் இரண்டு இருக்கை தள்ளி, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் வழியெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டே வருகிறான். அவன் சிம் 525. நம் கோபுரத்துக்கு அவன் விருந்தாளி. 525-ஐக் கேட்டதும் சிங்கப்பூருக்கு ஆளனுப்பி, ‘உங்கள் பையன்தானா?’ என்று விசாரித்து, நொடிகளில் உள்ளே விடுகிறது. ஒப்பந்தம் இருக்கும் எந்த நிறுவனத்தின் கோபுரத்திலும் அவன் தொங்கலாம். ஒன்று மறைந்தால் அடுத்தது. இந்த மலையிலேயே பிறந்தவனுக்கு ஒரே கோபுரம், கடல் கடந்து வந்தவனுக்கு எல்லாக் கோபுரமும். தமிழர் விருந்தோம்பலுக்கு இதைவிட அறிவியல் சான்று வேண்டியதில்லை.

“உன்னுதுல டவர் இருக்கா கண்ணு? ஒரு போன் பண்ணிட்டுத் தர்றேன்” என்று பாட்டி கை நீட்டுகிறாள். பேரன் கொடுக்கிறான். பேச்சு, காப்பித் தோட்டத்துக் கூலியில் தொடங்கி நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வரை நீள்கிறது. ரோமிங்கில் நிமிடத்துக்கு என்ன கட்டணம் என்று பாட்டி கேட்கவில்லை. பையனின் முகத்தைப் பார்த்து நாமும் கேட்கவில்லை.