‘இந்தா தெரியுதுல்ல’ அண்ணன்

மதுரையில் மலைக்குப் பஞ்சமில்லை. ஒத்தக்கடைப் பக்கம் மொட்டைமாடியில் துணி காயப்போட ஏறினால் ஆனைமலை தெரியும். மேற்கே போனால் நாகமலை, அதையொட்டிக் கீழக்குயில்குடியில் சமணமலை, வடக்கே அழகர்மலை, மேலூர் போகிற வழியில் அரிட்டாபட்டி. இத்தனைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்துவிட்டு, வருஷத்துக்கு ஒருதரம் வேன் பிடித்துக் கொடைக்கானல் போய், ஏரிக்கரையில் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, “மலைக்குப் போயிட்டு வந்தோம்” என்று சொல்லுகிற சனம் நாங்கள். எங்களைத் திருத்துவதற்கென்றே தெருவுக்கு ஒருவர் உண்டு. அவரைத்தான் ‘இந்தா தெரியுதுல்ல’ அண்ணன் என்கிறேன்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வங்கி, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒன்றில் வேலை. வாரநாட்களில் அவரைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. அலுவலகத்தில் முதல் மாடிக்குப் போகக்கூட லிப்டுக்காகக் காத்திருப்பார். சர்க்கரை மாத்திரை, முட்டிக்குத் தைலம் எல்லாம் உண்டு. ஞாயிறு விடிந்தால் அந்த முட்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு, மறுநாள் எட்டு மணிவரை தூங்குவது என்ற தீர்மானத்தோடு நீங்கள் விளக்கை அணைக்கும் நேரத்தில் போன் வரும்.

“என்ன தம்பி, காலைல சோலி ஏதும் இருக்கா?”

“ஒண்ணுமில்லண்ணே” என்று வாயில் வந்துவிட்டால் தொலைந்தீர்கள்.

“அப்ப அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க. சும்மா ஆனைமலை வரைக்கும் ஒரு எட்டு. எட்டரைக்கு வீட்டுக்கு வந்து இட்லி தின்னலாம்.”

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டம்மா ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் இட்லிக்குப் பதில் நேரே மத்தியானச் சமையலில் இறங்கிவிடுவார். அண்ணனின் எட்டரை எந்த ஊர் எட்டரை என்பது மதுரைக் குடும்பங்களுக்குத் தெரியும்.

அவருடைய கணக்கில் கிலோமீட்டர் என்பதே கிடையாது. “எவ்வளவு தூரம்ணே?” என்று கேட்டால் கையை நீட்டி, “இந்தா தெரியுதுல்ல” என்பார். தெரியத்தான் செய்யும். நிலாவும்தான் தெரிகிறது. பாதி ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி கேட்டால் “பத்தே நிமிஷம்”. அரைமணி கழித்துக் கேட்டாலும் அதே பத்து நிமிஷம்தான். இதில் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அவர் மனசார நம்பித்தான் சொல்கிறார். அவர் மனசு அப்போதே உச்சியில் போய் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருக்கிறது, பின்னால் வருகிற உடம்புகளின் நிலவரம் அதற்குத் தெரியாது.

உடுப்பும் சொல்லத்தக்கது. பழைய பேண்ட், தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. தோளில் நகைக்கடையில் கொடுத்த துணிப்பை. பைக்குள் கடலைமிட்டாய், ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு சணல் கயிறு. சென்னையிலிருந்து லீவுக்கு வந்த கணிப்பொறித் தம்பி விலையுயர்ந்த ஷூவும் மடக்குக் கோலும் முதுகில் உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையுமாக வந்து நிற்பான். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்க தம்பி, இமயமலைக்கா?” என்பார். கால்மணி நேரத்தில் தம்பி பாறையில் தவழ்ந்துகொண்டிருப்பான். ரப்பர் செருப்பு மேலே நின்று, “அங்கிட்டு வைக்காதீங்க, இங்கிட்டு வைங்க காலை” என்று வழி சொல்லும். அடுத்த வளைவில் குரங்குகள் காத்திருக்கும். அவற்றுக்கும் அந்த விலையுயர்ந்த பைதான் பிடிக்கும்.

அண்ணனுக்கு வரலாறு கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை குழுவில் ஒருகாலத்தில் சேர்ந்து நடந்து, அங்கே அறிஞர்கள் சொன்னதை நோட்டில் எழுதிவைத்தவர். இப்போது அந்த நோட்டின் சார்பாகத் தனியே கிளை நடத்துகிறார். ஆனைமலை அடிவாரத்தில் நரசிங்கப்பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி அதைக் குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி வேலையை முடித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. காலம் கி.பி. 770. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்த இந்தச் செய்தியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் நம் அண்ணன்தான். பாதி வழியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் போதும். “அண்ணன் விட்டதைத் தம்பி முடிச்சு வச்சாரு. நீங்க என்ன தம்பி, ஆரம்பிச்சதையே முடிக்க மாட்டேங்கிறீங்க?”

அதே மாறன்காரி இன்னொரு வேலைக்கும் வருவார். பாறையில் சுண்ணாம்பாலும் பெயின்டாலும் தன் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதிவைத்திருக்கும் பயல்களின் கைவரிசையைக் கண்டால் அண்ணனுக்கு ரத்தம் கொதிக்கும். “அவன் கோயிலைக் குடைஞ்சிட்டுப் பேரை வெட்டினான். நீ என்னத்தடா குடைஞ்ச?” என்று ஆளில்லாத பாறையைப் பார்த்துக் கத்துவார். எதிரொலி திருப்பிக் கேட்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அண்ணன் கட்சி.

சமணமலை என்றால் வேறு நிகழ்ச்சி நிரல். அடிவாரத்தில் தாமரைக்குளம், கருப்பசாமி கோயில், ஆலமரம். அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், அவருக்குத் தோன்றாது. செட்டிப்புடவுக்கு இழுத்துப்போவார். குகையில் இருக்கும் தீர்த்தங்கரரை ஊர்ச் சனம் செட்டியார் என்று நினைத்து வைத்த பெயர் அது. பிறகு பேச்சிப்பள்ளம். அங்கே சுனையோரம் பாறையில் வரிசையாகச் சமணத் திருவுருவங்கள், கீழே வட்டெழுத்து. அண்ணனுக்கு வட்டெழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் தயங்குவாரா? விரலை எழுத்தில் படாமல் காற்றில் ஓட்டிக்கொண்டே, நோட்டில் இருந்ததை ஒப்பிப்பார். பார்ப்பவர்களுக்கு வாசிப்பது போலவே இருக்கும்.

பறவை விஷயத்தில் அவர் இன்னும் தாராளம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதில் இருந்து வானத்தில் பறப்பது எதுவாக இருந்தாலும் அவருக்கு லகர் வல்லூறுதான். அங்கே லகர் வல்லூறு இருப்பது உண்மை, ராஜாளியும் உண்டு. ஆனால் பருந்தும் உண்டல்லவா? பருந்து என்று சொல்ல அவருக்கு மனசு வராது. ஐந்து மணிக்கு எழுப்பிக் கூட்டிவந்தவர்களுக்குப் பருந்தைக் காட்டி அனுப்புவது மரியாதையில்லை என்று நினைக்கிறார்.

அங்கே 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று அந்த அறிவிப்பின்போது அரசு சொன்ன கணக்கு அவருக்கு மனப்பாடம். ஒரே காலையில் இருநூறையும் காட்டிவிடும் வேகத்தில் நடப்பார். ஒருமுறை அப்படி ஒரு சுனையைப் பற்றி, “கோடையிலயும் வத்தாது, தேன் மாதிரி தண்ணி” என்று அவர் சொல்லிக்கொண்டே போக, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “அது போன வருசமே வத்திப்போச்சேப்பா” என்றார். அண்ணன் அசரவில்லை. “அய்யா சொல்றது மேல உள்ளது. நான் சொல்றது கீழ உள்ளது” என்று சமாளித்துவிட்டு, எங்களுக்குக் கேட்காத தூரத்தில் பெரியவரை ஓரங்கட்டி, கீழே ஏதாவது உள்ளதா என்று விசாரித்தார். அப்படித்தான் அவருக்கு இடங்கள் தெரியவருகின்றன. நோட்டில் பாதிக்குமேல் ஆடு மேய்ப்பவர்களின் பாடம்; பெயர் மட்டும் அண்ணனுக்கு.

விளையாட்டே இல்லாத இடமும் அவரிடம் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு மாசி பிறந்துவிட்டால் அழகர்மலைக் காடு, சிறுமலைக் காடு என்ற பேச்சையே எடுக்கமாட்டார். யாராவது “போலாம்ணே, யாரு பாக்கப் போறா?” என்றால் முகம் மாறிவிடும். 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளுக்கு வழிகாட்டியோடு இணைய முன்பதிவு கொண்டுவந்தபோது, “நடக்குறதுக்கும் டிக்கெட்டா?” என்று ஒரு வாரம் புலம்பினார், புலம்பிக்கொண்டே மகளை விட்டு முன்பதிவும் செய்தார். மொட்டைப் பாறையில் மட்டும் வருஷம் முழுக்க அவர் ராஜ்யம்தான். வெயில் ஏறினால் அந்தப் பாறை தோசைக்கல். பத்து மணிக்குமேல் நின்றால் திருப்பிப் போட ஆள் தேவைப்படும்.

அதற்காகத்தான் கற்படுக்கை. துறவிகளுக்காக யாரோ வெட்டிக்கொடுத்த படுக்கைகள் குகைத்தளத்தில் குளுகுளுவென்று கிடக்கும். “சும்மா செத்த நேரம் படுத்துப் பாருங்க” என்பார். வந்தவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே தூங்கிப்போவார்கள். சனி இரவு பறிபோன தூக்கம் இங்கே வட்டியோடு வரும். எட்டரை இட்லி மூன்று மணிச் சாப்பாடாக மாறுவது இந்த இடத்தில்தான். அதற்கு அண்ணனை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று 2024 கடைசியில் செய்தி வந்தபோது மேலூர் வட்டாரமே கிளம்பிவிட்டது. அடுத்த ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைத் தல்லாகுளத்துக்கு நடந்தார்கள். முன்னால் நின்றவர்கள் அந்த ஊர் விவசாயிகளும் பெண்களும். போராட்டம் அவர்களுடையது, வெற்றியும் அவர்களுடையது. அந்த மாதமே சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. கூட்டத்தின் வாலில் எங்கள் தெருக்காரர்கள் சிலரும் போனோம். பாறையில் தவழ்ந்த கணிப்பொறித் தம்பி லீவு போட்டு வந்திருந்தான். அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் ரப்பர் செருப்போடு நடுவில் நடந்தார். கால் வலித்த ஒரு பாட்டி, “தல்லாகுளத்துக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்யா?” என்று கேட்டார். அண்ணன் கையை நீட்டினார். அங்கே தெரிந்தது ஒரு பெட்ரோல் பங்க் மட்டும்தான். அதற்காக அவர் வாக்கியத்தை மாற்றவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், கூப்பிட்டால் போங்கள். தண்ணீர் மட்டும் மூன்று பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும் என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். திரும்பி வரும் நேரத்தை வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவரைச் சொல்லவிட வேண்டாம்.