எஜமானர் மனு எழுதுகிறார்

2007-இல் நோக்கியா விற்பனைக்கு விட்ட கையடக்க லினக்ஸ் கருவி என்800. தொடுதிரை 800-க்கு 480 புள்ளிகள். தட்டச்சு விசைகள் கிடையாது. அதில் படம் பார்க்க ஆர்வலர்கள் கொண்டுவந்து இறக்கியது எம்பிளேயர் என்ற மென்பொருளை. அதுவோ பெரும்பாலும் விசைப்பலகைக்குக் கட்டுப்படும் பிறவி. ஒலியைக் குறைக்க 9, கூட்ட 0, வெளியேற கியூ. பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம்.

பரிகாரம் உண்டு. கருவியில் இருக்கும் சில பொத்தான்களுக்கு வேலை ஒதுக்கி, 'இன்புட்.கான்ஃப்' கோப்பில் வரிவரியாக எழுதலாம். கோப்பு இருக்கும் அடைவின் பெயர் புள்ளியில் தொடங்குகிறது. புள்ளியில் தொடங்குவது லினக்ஸில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அடைவைத் தேடிப் பிடித்து, திரையில் முளைக்கும் குட்டி விசைகளைக் குச்சியால் தட்டித் தட்டி எழுத வேண்டியதுதான்.

இன்னும் கௌரவமான வழி 'ஸ்லேவ்', அதாவது அடிமை முறை. இதில் எஜமானர் நாம். படத்தை நிறுத்த வேண்டுமா? முன்கூட்டியே ஒரு குழாய்க் கோப்பை உருவாக்கி, அதற்குள் 'பாஸ்' என்று எழுதி அனுப்பினால் போதும். எஜமானர் மனு எழுதி முடிப்பதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணமாகிவிடும்.

செயலி திணறினால் 'ஃப்ரேம்டிராப்' என்ற அமைப்பு உண்டு: ஒலிக்கு ஈடுகொடுக்கச் சில காட்சிச் சட்டங்களைக் காட்டாமலே தாண்டிவிடும். அதன் அண்ணன் 'ஹார்ட்ஃப்ரேம்டிராப்' படத்தையே சிதைக்கும் என்று கையேடே எச்சரிக்கிறது, நேர்மையான குடும்பம்.

இங்கே எதையும் நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். மாற்றி முடித்தபின் படம் பார்க்கும் ஆசை மிஞ்சுவதற்கு மட்டும் அமைப்பு ஏதும் தரப்படவில்லை.