1964-ஐக் குடிப்பவர்

பழைய ரியோஹா ஒயினைச் சுவைக்க உட்காருகிறவரை ஸ்பெயினின் எந்த நல்ல உணவகத்திலும் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். ஊற்றியதும் குடிக்கமாட்டார். கிளாஸை வெள்ளை மேஜைவிரிப்பின் மேல் சாய்த்து, செங்கல் நிறம் ஏறிய விளிம்பைப் பார்ப்பார். அப்புறம் மூக்கை உள்ளே விடுவார். அப்புறம் விட்டத்தைப் பார்ப்பார். பதில் அங்கேதான் எழுதியிருக்கும். "தோல்" என்பார். "புகையிலை" என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஈரக் காளான்." திராட்சை என்று மட்டும் வாய் தவறியும் வராது. கடைசியில் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "1964!" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஆண்டைத் தானே பெற்று வளர்த்து ஆளாக்கிய பெருமை அந்த மூச்சில் இருக்கும்.

அந்தப் பெருமை அவருக்குச் சேராது என்பதே என் கட்சி. போர்தோ ஒயினை இளசாக வாங்குகிறவராவது அதைத் தன் செலவில் வருஷக்கணக்கில் வைத்துக் காக்க வேண்டும். ரியோஹாவில் அந்தப் பாட்டை ஆலையே பட்டுவிடுகிறது. 'கிரான் ரெசெர்வா' என்ற பட்டம் வேண்டுமானால் சிவப்பு ஒயின் ஐந்து ஆண்டு முதிர வேண்டும்; அதில் இரண்டு ஆண்டாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். ரியோஹாவின் ஆரோ நகரத்து ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய ஆலைகளுக்கு இதுவும் போதாது. 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா ஆலையில் பத்தாண்டு தாண்டியும் வெளியே வராத புட்டிகள் உண்டு. முடங்கிய முதலும் பூஞ்சை பிடித்த சுவரும் ஆலைக்காரர் தலையில். கார்க்கைக் கெடுக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கட்டும் என்று அங்கே சிலந்திகளைக்கூட விரட்டுவதில்லை. ஆக, அந்தப் புட்டிக்காகச் சிலந்தி உழைத்த அளவுகூட நம் ரசிகர் உழைக்கவில்லை.

சரி, ருசிக்கத் தேர்ந்த நாக்கு வேண்டாமா என்று கேட்கலாம். 2001-இல் வெளியான ஆய்வொன்றில் பிரெதெரிக் புரோஷே என்பவர் போர்தோவில் ஒயினியல் படிக்கும் 54 பேருக்கு, ருசியில்லாச் சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையே எழுதித் தள்ளினார்கள். மாணவர்கள்தானே, அனுபவம் போதாது என்று ரசிகர் தள்ளிவிடுவார். தள்ளட்டும். ஒயினின் முதுமையே கற்பனை என்று நானும் சொல்லவில்லை. துவர்ப்பும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகப் படிகின்றன. அமெரிக்க ஓக் கொடுத்த வனிலா வாசம் அடங்கி வேறு வாசங்கள் தலைதூக்குகின்றன. 1964 ரியோஹாவுக்கு அருமையான ஆண்டு என்பதிலும் தகராறு இல்லை. ஆனால் அத்தனை வருஷம் ஒரு கார்க்கை நம்பிக் கிடந்த ஒயின் அது. ஒரே பெட்டியில் இருந்த இரண்டு புட்டிகளில் ஒன்று அமிர்தமாகவும் இன்னொன்று காடியாகவும் இருக்கலாம். ரசிகர் ருசி பார்ப்பது ஒரு கார்க்கின் நாணயத்தை. தீர்ப்பு எழுதுவதோ முழு ஆண்டுக்கு! அந்தத் தீர்ப்பிலும் அவருக்குத் தோல்வி கிடையாது. புட்டி நன்றாக இருந்தால் ஆண்டுக்கும் அவருக்கும் பேர். புளித்திருந்தால் பழி கார்க்குக்கு. அப்போதும் புட்டியை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "கொஞ்சம் காற்றுப் படட்டும், திறந்துகொள்ளும்" என்று மேஜையில் இருப்பவர்களை அரைமணி நேரம் காக்க வைப்பார். புட்டியைப் பொறுத்தவரை அவர் சொந்தமாகக் காத்திருப்பது அந்த அரைமணி நேரம்தான்.